காரில் தீய்ந்த வாடை வருகிறதா? காரணத்தைக் கண்டறிவதும் சரிசெய்வதும் எப்படி?

பெங்களூரு: கடந்த 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி, பெங்களூரு எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடைபெற்றுக் கொண்டிருந்தபோது, பார்வையாளர்களின் வாகன நிறுத்துமிடத்தில் தீப்பற்றியது. காய்ந்த புல்லும் பலத்த காற்றும் சேர்ந்துகொள்ள, சிறிது நேரத்திலேயே ஏறத்தாழ 300 கார்கள் எரிந்து நாசமாயின. நல்வாய்ப்பாக உயிரிழப்பு ஏதும் நேரவில்லை. அணைக்கப்படாத சிகரெட் துண்டோ, அளவுக்கு மீறிச் சூடேறியிருந்த ஒரு காரின் சைலன்சரோ இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று தொடக்கத்தில் சந்தேகிக்கப்பட்டது.

ஒரு காரின் அடிப்பகுதியில் எவ்வளவு வெப்பம் தேங்கியிருக்கிறது என்பதைப் பெரும்பாலான வாகன உரிமையாளர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வெப்பம் படக்கூடாத பொருள் மீது பட்டாலோ, வெப்பமே எழக்கூடாத இடத்தில் எழுந்தாலோ, அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் புகையாகத் தோன்றுவதில்லை, வாடையாகவே வருகிறது. அந்த வாடையை இனங்காணத் தெரிந்தால் சிறு செலவில் முடிய வேண்டிய பழுது பெருஞ்செலவாக மாறுவதைத் தடுக்கலாம். சில நேரங்களில் உயிரையே காத்துக்கொள்ளலாம்.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

வாடை வந்தவுடன், அது தம் காரிலிருந்துதான் வருகிறதா என்பதை உறுதி செய்ய வேண்டும். நெரிசல் மிக்க சாலையில் முன்னே செல்லும் லாரியின் பிரேக்கிலிருந்தோ, சாலையோரம் எரிக்கப்படும் குப்பையிலிருந்தோ அது வரக்கூடும். ஏ.சி.யில் வெளிக்காற்று உள்ளே வருவதை நிறுத்தி, உட்காற்றே சுழலும் நிலைக்கு மாற்றிச் சிறிது தொலைவு செல்லும்போது வாடை முற்றிலும் மறைந்தால், அது வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம். இடம் மாறிய பின்னும் தொடர்ந்தால் அது நம் வாகனத்தினுடையதே.

அடுத்து, முகப்புப் பலகையில் எஞ்சின் வெப்பமானி, எண்ணெய் அழுத்தம், பேட்டரி ஆகியவற்றுக்கான எச்சரிக்கை விளக்குகளைக் கவனிக்க வேண்டும். அவற்றில் ஏதேனும் எரிந்தாலோ, உட்புறத்தில் புகை தென்பட்டாலோ, வீடு வரை ஓட்டிச் சென்றுவிடலாம் என்று எண்ணக்கூடாது. சாலையின் இடப்பக்கம் பாதுகாப்பாக ஒதுங்கி, எச்சரிக்கை விளக்குகளை ஒளிரவிட்டு, எஞ்சினை நிறுத்த வேண்டும். மேம்பாலத்தின் மீது வாடை வந்து, புகையோ எச்சரிக்கை விளக்கோ இல்லையெனில், மெதுவாக ஓட்டிக் கீழிறங்கிய பின் நிறுத்துவது நல்லது. நிறுத்தும் இடத்தில் காய்ந்த புல், சருகு, குப்பை ஆகியவை இருக்கக்கூடாது என்பதை எலகங்கா நிகழ்வு நினைவூட்டுகிறது.

காகிதம் கருகியது போன்ற வாடை: கிளட்ச்

பெங்களூருவில் கார் ஓட்டுவோருக்கு மிகவும் பழக்கமான தீய்ந்த வாடை இதுவாகவே இருக்கும். டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் குறியீட்டின்படி, இந்நகரில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. அதாவது மணிக்குச் சுமார் 17.5 கிலோமீட்டர் வேகம். சில்க் போர்டு சந்திப்பு, கே.ஆர்.புரம், ஹெப்பாள் போன்ற இடங்களில் வாகனங்கள் அடியடியாக நகரும்போது, ஓட்டுநரின் இடக்கால் கிளட்ச் மிதியிலேயே பாதி அழுத்தத்தில் தங்கிவிடுகிறது.

எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்துவது கிளட்ச் தட்டு. மிதியை முழுமையாக விட்டால் அது எஞ்சினுடன் இறுகப் பற்றிக்கொள்ளும். முழுமையாக அழுத்தினால் விலகி நிற்கும். பாதி அழுத்தத்தில் வைத்தால் பற்றியும் பற்றாமலும் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உராய்வின் வெப்பம் தட்டின் மேற்பூச்சைக் கருக்குவதால் எழுவதே இந்த வாடை.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நெரிசலற்ற சமதளச் சாலையில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஆக்சிலரேட்டரைச் சற்று ஆழமாக அழுத்த வேண்டும். எஞ்சினின் இரைச்சலும் சுழற்சி எண்ணும் உயர்ந்து, வேகம் அதற்கேற்பக் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். அந்நிலையில் தட்டு, அழுத்தத் தட்டு, ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்றுவதே வழக்கம். கியர்பெட்டியை இறக்கும் கூலி மிகுதி என்பதால், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுச் சில மாதங்களில் மறுபடியும் இறக்குவது வீண் செலவாகும்.

நெரிசலில் ஒரே ஒருமுறை வந்து மறைந்த வாடை என்றால் அச்சப்படத் தேவையில்லை. சில நிமிடங்கள் நிறுத்திச் சூடு தணியவிட்டு, ஓட்டும் முறையைத் திருத்திக்கொண்டால் போதும். முன்னே ஒரு கார் அளவு இடைவெளி உருவாகும் வரை காத்திருந்து, முதல் கியரில் கிளட்ச்சை முழுமையாக விட்டு நகர வேண்டும். நிற்கும்போது நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிட வேண்டும். மேட்டில் காரை நிறுத்திவைக்கக் கைப்பிரேக்கைத்தான் பயன்படுத்த வேண்டும்; கிளட்ச்சை அல்ல.

கிளட்ச் மிதி இல்லாத ஏ.எம்.டி. வகைக் கார்களிலும் உள்ளே இருப்பது இதே கிளட்ச்தான். மேட்டில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தியபடியே காரை நிறுத்தி வைத்தால், அதிலும் தட்டு கருகும்.

காரத்தன்மையுள்ள நெடி: பிரேக்

கிளட்ச் வாடையை ஒத்திருந்தாலும், பிரேக் வாடையில் உலோக நெடி சற்றுக் கூடுதலாக இருக்கும். பெரும்பாலும் ஏதேனும் ஒரு சக்கரத்திற்கு அருகில் மட்டும் வலுவாக உணரப்படும். கைப்பிரேக்கை முழுமையாக விடுவிக்காமல் ஓட்டியிருப்பது இதற்கு மிகவும் சாதாரணமான காரணம். அதை முதலில் சரிபார்த்துவிட வேண்டும்.

கைப்பிரேக்கில் குறையில்லை எனில், சிறிது தொலைவு ஓட்டிய பின் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டிப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் வீசினால், அங்குள்ள பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கார் ஒருபக்கமாக இழுப்பதும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வழக்கத்துக்கு மாறாக விரைந்து வேகம் குறைவதும் இதையே உறுதிப்படுத்தும். மழைநீரும் சேறும் புகுந்து, காலிப்பரின் வழிகாட்டி ஊசிகள் துருப்பிடித்து இறுகிவிடுவது வழக்கமான காரணம். அவற்றைக் கழற்றித் தூய்மை செய்து, உரிய கிரீஸ் இட்டாலே பல நேரங்களில் சரியாகிவிடும். பிஸ்டனின் ரப்பர் வளையம் பழுதாகியிருந்தால் அதை மாற்ற வேண்டும்.

பெங்களூருவிலிருந்து புறப்படுவோர் மலைச்சாலைகளில் இறங்கும்போது கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வார இறுதியில் மக்கள் திரளும் நந்தி மலை, சத்தியமங்கலத்துக்குச் செல்லும் வழியில் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதை, சேலம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் தருமபுரி மாவட்டத்திலுள்ள தொப்பூர் கணவாய் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். தொப்பூரில் விபத்துகள் திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளன. 2024 ஜனவரியில் அங்கு லாரிகளும் காரும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்ததில் 4 பேர் உயிரிழந்தனர். எரிபொருளை மிச்சப்படுத்த இறக்கத்தில் நியூட்ரலில் வண்டியை உருட்டும் பழக்கம், கனரக வாகனமானாலும் காரானாலும், பிரேக்கின் மீதே முழுச் சுமையையும் ஏற்றிவிடுகிறது.

தொடர்ந்து அழுத்தப்படும் பிரேக்கின் வெப்பம் பிரேக் எண்ணெய்க்கும் பரவுகிறது. டாட்-4 தர எண்ணெயின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பின் அது 155 டிகிரி வரை இறங்கலாம். எண்ணெய் கொதித்தால் குழாய்களில் ஆவிக்குமிழிகள் தோன்றும். மிதியை அழுத்தினால் குமிழிகள்தாம் நசுங்குமேயன்றிப் பிரேக் பிடிக்காது. தீய்ந்த வாடையோடு மிதி பஞ்சு போல உள்ளே சென்றால், உடனடியாகக் கியரைக் குறைத்து, வேகத்தைத் தணித்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். சூடான பிரேக் தட்டின் மீது தண்ணீர் ஊற்றக்கூடாது. அது வளையவோ விரிசல் விடவோ கூடும். அரை மணி நேரம் தானாக ஆறவிடுவதே முறை.

மலையில் எந்தக் கியரில் ஏறுகிறோமோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்ற அனுபவசாலி ஓட்டுநர்களின் அறிவுரைக்குக் காரணம் இதுவே. பிரேக் எண்ணெயை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும் அவசியம்.

பிளாஸ்டிக் உருகும் வாடை: மின்கசிவு

எல்லா வாடைகளிலும் தாமதத்துக்குச் சற்றும் இடம்தராதது இது. மின்கம்பியின் மேலுறை உருகத் தொடங்கும்போது பிளாஸ்டிக் தீய்வது போன்ற கடுமையான நெடி எழும். அடுத்த கட்டம் தீயாகவே இருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, அனைவரும் வெளியேற வேண்டும். புகையோ தீயோ இல்லாத நிலையில், தெரிந்தவர் எவரேனும் இருந்தால் பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிடலாம்.

பின்னர் பொருத்தப்படும் துணைக்கருவிகளே இதற்குப் பெரும்பாலும் வழிவகுக்கின்றன. கூடுதல் ஒளி தரும் விளக்குகள், ஒலிபெருக்கிகள், ஒலிப்பான்கள் போன்றவற்றுக்காகத் தொழிற்சாலை அளித்த கம்பியை வெட்டி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி இணைப்புக் கொடுக்கும்போது சிக்கல் தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பொதுவான ஹாலஜன் முகப்பு விளக்கு ஒன்றின் திறன் 60 வாட். இரண்டு விளக்குகளுக்கு 12 வோல்ட் மின்னழுத்தத்தில் 10 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. அவற்றுக்குப் பதிலாக 100 வாட் விளக்குகளைப் பொருத்தினால் தேவை 16 ஆம்பியரைத் தாண்டுகிறது. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே கம்பியில் முன்பைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு வெப்பம் உருவாகும்.

இந்நிலையில் ஃபியூஸ் எரிந்துபோவது குறையன்று. அது தன் கடமையைச் செய்கிறது. அடிக்கடி எரிகிறதே என்று 10 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதிலாக 20 ஆம்பியர் ஃபியூஸைப் போடுவதும், வெறும் கம்பியைச் செருகுவதும் ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும். அதன்பின் ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியே எரியும். கூடுதல் கருவி தேவையெனில், பேட்டரியிலிருந்து தனிக் கம்பி, தனி ஃபியூஸ், ரிலே ஆகியவற்றுடன் பொருத்தச் செய்ய வேண்டும்.

எலிகள் மற்றொரு காரணம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தள நிறுத்துமிடங்களில், குப்பைத் தொட்டிக்கு அருகே நிற்கும் கார்களின் எஞ்சின் அறைக்குள் எலிகள் புகுந்து கம்பிகளைக் கடிக்கின்றன. அவை சேர்த்துவைக்கும் காகிதம், துணி, தேங்காய் நார் போன்றவை சூடான பாகங்களின் மேல் கிடந்து கருகவும் செய்யும். பல நாள்கள் ஓட்டாமல் நிறுத்திவைத்த காரை எடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து ஒருமுறை பார்ப்பது நல்ல வழக்கம். காருக்குள் தின்பண்டத் துணுக்குகளை விட்டுவைக்கவும் கூடாது.

ஏ.சி. விசிறியை இயக்கும்போது மட்டும் இவ்வாடை வந்து, அணைத்தவுடன் குறைந்தால், விசிறி மோட்டாரிலோ அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரிலோ கோளாறு இருக்கலாம்.

எண்ணெய், ரப்பர், இனிப்பு வாடைகள்

எஞ்சினின் மேல்மூடிக்கு அடியிலுள்ள கேஸ்கட் நாள்பட இறுகி, எண்ணெய் கசிந்து சூடான புகைக்குழாயின் மீது சொட்டினால், தாளித்த எண்ணெய் கருகியது போன்ற வாடை வரும். பானெட்டைத் திறந்தால் மெல்லிய நீலப்புகை தென்படலாம். காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் அளவுக் குச்சியை எடுத்து எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். அளவு குறைந்துகொண்டே வந்தால் கசிவு உறுதி. கேஸ்கட்டை மாற்றுவது எளிய பணி. ஆனால் கசிவைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் எஞ்சினே பழுதாகலாம். எண்ணெய் மாற்றிய மறுநாள் மட்டும் வாடை வருமானால், பணியின்போது சிந்திய எண்ணெய் எரிவதாக இருக்கலாம். அது விரைவில் நின்றுவிடும்.

ரப்பர் தீயும் வாடையுடன் கிறீச்சொலியும் கேட்டால், எஞ்சினின் முன்புறப் பெல்ட் வழுக்குகிறது. ஏ.சி.யைப் போட்டவுடன் ஒலி மிகுந்தால் கம்ப்ரசரின் கப்பி இறுகியிருக்க வாய்ப்புண்டு. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு இறுகிய கப்பியை விட்டுவைத்தால், புதிய பெல்ட்டும் கருகும். சுமையேற்றும்போது டயர் உட்புறம் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனிப்பு கலந்த ஆவி வாடை, குளிர்விப்பு நீர்மம் கசிவதைக் காட்டுகிறது. வெப்பமானி உயர்ந்திருக்கும் நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

சைலன்சரில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பை, புதிய காரின் புகைக்குழாயில் பூசப்பட்ட காப்புப் பூச்சு ஆகியவையும் தீய்ந்த வாடை தரும். பூச்சினால் வரும் வாடை சில பயணங்களில் தானாக நின்றுவிடும். பையை, குழாய் ஆறிய பின் அகற்றினால் போதும்.

பெட்ரோல் வாடை தீய்ந்த வாடையன்று. ஆனால் அதைவிட ஆபத்தானது. எரிபொருள் அல்லது சி.என்.ஜி. வாடை வந்தால் எஞ்சினை இயக்காமல், விளக்குப் பொத்தான்களையும் தொடாமல் விலகி நின்று, பணிமனையை அழைக்க வேண்டும்.

டீசல் கார்களில் இயல்பான வாடை

பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களில் புகைத்துகள் வடிகட்டி இடம்பெற்றுள்ளது. அதில் சேரும் கரித்துகளை, புகையின் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்திக் கார் தானாகவே எரித்துவிடும். அப்போது சூடான உலோகம் போன்ற வாடை வருவது இயல்பே. எஞ்சின் நின்ற பின்னும் விசிறி ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஆயினும் நகர நெரிசலில் குறுந்தொலைவு மட்டுமே ஓடும் கார்களில் இந்தச் சுத்திகரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். வடிகட்டிக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கையேட்டில் கூறியுள்ளபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டுவது தீர்வாகும். இந்த நிலையிலுள்ள காரைக் காய்ந்த புல்தரையில் நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. பெட்ரோல் கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சாதாரண ஓட்டத்திலேயே 400 டிகிரியைத் தாண்டும் என்பதை மறக்கக்கூடாது.

மின்சாரக் கார்களில்

மின்சார வாகனங்களில் இரசாயன நெடியோ, பேட்டரிப் பகுதியிலிருந்து சீறும் ஒலியோ, வெண்புகையோ வந்தால் பழுதைத் தேடிக்கொண்டிருக்கக்கூடாது. உடனே விலகிச் செல்ல வேண்டும். லித்தியம் அயான் பேட்டரியில் ஒரு மின்கலத்தின் வெப்பம் அடுத்த மின்கலத்தைப் பற்றவைத்துத் தொடராகப் பரவும். அணைந்தது போலத் தோன்றினாலும், பல மணி நேரம் கழித்து மீண்டும் பற்றக்கூடும். சார்ஜ் செய்யும் இடத்தில் செருகி சூடேறிப் பிளாஸ்டிக் வாடை வந்தால், மின்னிணைப்பின் முதன்மைப் பொத்தானை முதலில் அணைக்க வேண்டும்.

புகை வந்துவிட்டால்

எஞ்சினை நிறுத்தி, அனைவரும் இறங்கி, குறைந்தது 30 மீட்டர் விலகி நிற்க வேண்டும். உடைமைகளை எடுக்கத் திரும்பிச் செல்லக்கூடாது. பானெட்டைத் திறக்கவும் கூடாது. உள்ளே புகும் காற்று கனன்றுகொண்டிருக்கும் நெருப்பைச் சட்டென்று கொழுந்துவிடச் செய்யும். உடனடியாக 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101 எண்ணை அழைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 எண் உள்ளது. சிறிய தூள்வகைத் தீயணைப்பான் ஒன்றை, பின்பெட்டியில் அல்லாமல் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது பயன்தரும். எனினும் தொடக்கநிலைத் தீயை மட்டுமே அதனால் அணைக்க இயலும்.

பணிமனையில் என்ன சொல்ல வேண்டும்?

"ஏதோ வாடை வருகிறது" என்று மட்டும் சொன்னால், மெக்கானிக் ஒவ்வொரு பாகமாகத் தேட நேரிடும், செலவும் கூடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, நெடுந்தொலைவு ஓடிய பின் வருகிறதா? ஏ.சி., விளக்கு, பிரேக் ஆகியவற்றில் எதைப் பயன்படுத்தும்போது வருகிறது? உள்ளே வலுவாக உள்ளதா, எந்தச் சக்கரத்தின் பக்கம் வலுவாக உள்ளது? அண்மையில் எந்தப் பணி செய்யப்பட்டது, எந்தக் கருவி பொருத்தப்பட்டது? இவற்றுக்கான விடைகளைக் குறித்துக்கொண்டு சென்றால், பழுதின் இடம் பெருமளவு குறுகிவிடும். மாற்றப்பட்ட பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் உரிமையாளரின் உரிமை.

காப்பீடும் சட்டமும்

மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்திருப்போருக்கு, தம் கார் எரிந்தால் இழப்பீடு கிடைக்காது. முழுமைக் காப்பீட்டில், தீ மற்றும் வாகனம் தானாகத் தீப்பற்றுவதால் நேரும் சேதம் அடங்கும். ஆனால் இயந்திர, மின்சாரப் பழுதுகளும், இயல்பான தேய்மானமும் அடங்குவதில்லை. எனவே, கருகிய கிளட்ச் தட்டு உரிமையாளரின் செலவே. முறையற்ற மின்மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தால் இழப்பீட்டுக் கோரிக்கையில் சிக்கல் எழக்கூடும்.

ஒரே வகைக் காரில் ஒரே குறை பலருக்கும் தோன்றினால், அது உற்பத்திக் குறையாக இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு மத்திய அரசு உத்தரவிட முடியும். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. உரிமையாளர்கள் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் குறையைப் பதிவு செய்யலாம்.

வாடை என்பது வாகனம் தரும் இலவச எச்சரிக்கை. வாசனைத் திரவியக் குப்பியைத் தொங்கவிட்டு அதை மறைத்துவிடாமல், அது வந்த அன்றே காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.